செஞ்ச வேலைக்குச் சம்பளம் கேக்க எதுக்கு விசா?

போன புதன்கிழமை சாயங்காலம் மப்பும் மந்தாரமுமா இருந்துச்சு, கடைல ஆளே இல்ல, ஜெராக்ஸ் மெஷின் மேல ரெண்டு நோட்டு பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு. ஒண்ணு எங்க மச்சானோடது, சவுதில இருந்து கொண்டு வந்தது, 2017ல இருந்து என் மேஜை டிராயர்லதான் இருக்கு. இன்னொண்ணு மண்டபம் கேம்புல, இலங்கைல இருந்து வந்தவங்க இருக்கிற முகாம்ல, இருக்கிற ஒரு பெயிண்டர் அண்ணனோடது, நகைக்கடையில ஓசியா குடுக்கிற சின்ன டைரி. ரெண்டுலயும் ஒரே விஷயம்தான் இருக்கு, என்னைக்கு வேலைக்குப் போனோம், என்ன வேலை, எவ்வளவு வரணும், எவ்வளவு வந்துச்சு. மச்சான் நோட்டுல கடைசி நாலு மாசமும் வலது பக்கக் கட்டம் பூரா காலி. அண்ணன் டைரில அந்த இடத்துல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன பெருக்கல் குறி.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

மச்சான் பாம்பன்ல விசைப்படகுல போயிட்டு இருந்தவரு. 2014ல அக்கா நகையை அடகு வச்சு, மூணு வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டுக்கு 90,000 ரூபா கட்டி சவுதிக்குப் போனாரு, கடல் தொழில் விசா, ஜுபைல் பக்கம். இங்கயும் வருஷா வருஷம் இலங்கை நேவி போட்டை பிடிச்சுட்டுப் போறான், மீன்பாடும் இல்ல, அங்க போனா ரெண்டு வருஷத்துல கடனை அடைச்சுட்டு ஒரு ஃபைபர் போட்டாவது சொந்தமா எடுக்கலாம்னு கணக்கு. எங்க கடற்கரைல இந்தக் கணக்கு போடாத வீடே கிடையாது, தங்கச்சிமடத்துல இருந்து ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் விசாரிச்சுப் பாருங்க, கீழக்கரை தொண்டிப் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையா சபுருதான், வெளிநாட்டுப் பயணம்தான்.

அங்க போனா மாசச் சம்பளம் கிடையாது, பங்கு. லாஞ்சுல நாலஞ்சு நாள் கிடந்துட்டு வந்து மீனை இறக்கினா, டீசல் ஐஸ் வலைச் செலவு எல்லாத்தையும் கழிச்சுட்டு பாதி கஃபீலுக்கு, அதாவது விசா குடுத்த முதலாளிக்கு, மீதிய ஆளுங்க பிரிச்சுக்கணும். கழிக்கிற கணக்கு கஃபீல் கையில. அந்தக் கடல்ல எறால் சீசன் ஆகஸ்ட்ல இருந்து ஆறு மாசம், அதுக்கப்புறம் எறாலுக்குப் போக முடியாது, அப்ப கையில ஒண்ணும் நிக்காது, ஆனா சாப்பாட்டுக் காசு கடனா ஏறிட்டே போகும். பாஸ்போர்ட்டை இறங்கின அன்னைக்கே வாங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது வருஷம் இக்காமா, அதான் அங்க தங்குறதுக்கான அனுமதி அட்டை, முடிஞ்சு போச்சு, அதைப் புதுப்பிக்க வேண்டியது கஃபீலோட வேலை, அவன் செய்யல. மச்சான் நாலு தடவை கேட்டாரு, அஞ்சாவது தடவை கேக்காம தம்மாமுக்குப் பஸ் ஏறிட்டாரு. கஃபீல் ஹுரூப் போட்டுட்டான். ஹுரூப்னா ஆள் ஓடிட்டான்னு கம்ப்யூட்டர்ல ஒரு பதிவு, அவ்வளவுதான், அப்பல்லாம் அது விழுந்துட்டா நீங்க அந்த நாட்டுல சட்டவிரோதமா இருக்கிற ஆளு. சம்பளம் தராதவனுக்கு எந்தப் பதிவும் கிடையாது.

அப்புறம் ஒண்ணரை வருஷம் கட்டட வேலை. சென்ட்ரிங், கம்பி கட்டுறது, சிமெண்ட் மூட்டை தூக்குறது, கடல்ல வளர்ந்த ஆளு வெயில்ல காஞ்சு போனாரு. அது 2016, எண்ணெய் விலை இறங்கி பெரிய பெரிய கம்பெனிங்களே சம்பளம் போடாம ஆயிரக்கணக்கான நம்ம ஆளுங்க சாப்பாட்டுக்கே வழியில்லாம கேம்புல கிடந்த வருஷம். மச்சானுக்கு வேலை குடுத்தவரு ஒரு சப் கான்ட்ராக்டர், தமிழ் ஆளு, வேற மாவட்டம். மொதல்ல ஒழுங்கா குடுத்தாரு. அப்புறம் பாதி, அப்புறம் அடுத்த மாசம், அப்புறம் நாலு மாசம் பத்து நாள் ஒரு ரியால் கூட இல்ல. மாசம் 1,500 ரியால்னு பேச்சு, மொத்தம் 6,500 ரியால், அன்னைக்கு விலைக்கு நம்ம காசுல ஒரு லட்சத்துக்கு மேல. மச்சான் போய் நின்னு கேட்டப்ப அவரு சத்தம் போடல, திட்டல. மெதுவா சொன்னாராம், "இந்தா பாரு, நான் ஜவாசாத்துக்கு ஒரு போன் போட்டா போதும், நீ எங்க இருப்பன்னு யோசிச்சுக்க."

ஜவாசாத்னா அங்க இமிக்ரேஷன் ஆபீஸ். இந்த ஒரு மிரட்டல்தான் முழு விஷயமும். அடிக்க வேண்டாம், பூட்டி வைக்க வேண்டாம், போலீஸ்ல சொல்லிடுவேன்னு சொன்னா போதும், நாலு மாச உழைப்பை எடுத்துக்கலாம். விசா, இக்காமான்னு பேப்பர் இல்லாத ஆளை வேலைக்கு வைக்கிறதுல இருக்கிற லாபமே இதுதான், கூலி கம்மிங்கிறது அப்புறம்.

2017 மார்ச் 29ல இருந்து சவுதி அரசாங்கம் பொது மன்னிப்பு குடுத்துச்சு, 90 நாள் டைம், அதுக்குள்ள போறவங்களுக்கு அபராதம் இல்ல, விரல் ரேகை வச்சு மறுபடி வர முடியாம தடை போடுறதும் இல்ல. மச்சான் பாஸ்போர்ட்டுக்குப் பதிலா தூதரகம் குடுக்கிற அவுட்பாஸ் வாங்கி எக்ஸிட் அடிச்சுட்டு வந்தாரு. மதுரை ஏர்போர்ட்டுல நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன், ஒரு தோள் பை, அதுக்குள்ள ரெண்டு சட்டை, பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம், இந்த நோட்டு. 40 பக்க நோட்டு, அட்டை கிழிஞ்சு பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருக்கு. ஒவ்வொரு வரிலயும் தேதி, கிழமை, இடம், மணி. "வியாழன், ரெண்டாம் மாடி சென்ட்ரிங், காலை 5 டு மாலை 6." சில வரில பேனா மை பரவியிருக்கு, வேர்வையா தண்ணியான்னு தெரியல.

ஊர்ல எல்லாரும் மன்னிப்பு குடுத்துட்டாங்க, ஆள் முழுசா வந்து சேர்ந்துட்டாருன்னு சந்தோஷப்பட்டாங்க, நானும்தான். அப்புறம்தான் உறைச்சுச்சு, மன்னிப்பு குடுத்தது மச்சான் பேப்பர் இல்லாம இருந்ததுக்கு, ஆனா அவரு பிளைட் ஏறின அன்னைக்கு அந்த கான்ட்ராக்டரோட கடனும் சேர்ந்து அடைஞ்சு போச்சு. அவனை யாரும் எதுவும் கேக்கல. எந்த நாட்டுல பொது மன்னிப்பு அறிவிச்சாலும் இதைக் கவனிங்க, குவைத், எமிரேட்ஸ் எல்லாம் அடிக்கடி அறிவிக்கிறாங்க, போற ஆளுக்கு அபராதம் தள்ளுபடி ஆகும், ஆனா வர வேண்டிய சம்பளத்தை வாங்கிட்டுப் போறதுக்கு அந்த கவுண்டர்ல வழி இருக்காது. 2020 கொரோனாவுல வந்தே பாரத் பிளைட்டுல வந்தவங்கள்லயும் இப்படி நிலுவைய விட்டுட்டு வந்தவங்க எத்தனையோ பேர், அவங்கள்ல பலருக்கு பேப்பர் இருந்தும்.

அப்ப நான் மச்சானுக்காக மனு எழுதப் போய்த்தான் இந்தச் சட்டமெல்லாம் தேட ஆரம்பிச்சேன். நான் வக்கீல் இல்ல, இ-சேவை, ஜெராக்ஸ், மனு டைப்பிங் கடை வச்சிருக்கிறவன், ஆனா ஒரு மனுல என்ன எழுதணும்னு தெரிஞ்சுக்க எதையும் படிப்பேன். படிக்கப் படிக்கத் தெரிஞ்சது என்னன்னா, உலகத்துல பேப்பர் இல்லாத தொழிலாளிக்கு சட்டமே இல்லைன்னு நாம நினைச்சுட்டு இருக்கிறது தப்பு.

1975ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஐஎல்ஓன்னு சொல்றது, 143வது உடன்படிக்கை ஒண்ணு கொண்டு வந்துச்சு. அதுல 9வது பிரிவு, ஒரு ஆளு அந்த நாட்டுச் சட்டப்படி வராம இருந்தாலும், அவனோட இருப்பைச் சரி பண்ணிக் குடுக்க முடியாமப் போனாலும், ஏற்கனவே செஞ்ச வேலைக்கான கூலி, சமூகப் பாதுகாப்பு, மத்த சலுகை இதுல மத்தவங்களுக்குச் சமமா நடத்தணும்னு சொல்லுது. ஏற்கனவே செஞ்ச வேலை, இதைக் கவனிங்க. அடுத்து 1990 டிசம்பர் 18ல ஐ.நா. சபை, இடம்பெயர்ந்த தொழிலாளர்கள், அவங்க குடும்பத்தார் எல்லாரோட உரிமைகளையும் பாதுகாக்க ஒரு உடன்படிக்கை நிறைவேத்துச்சு, அந்தத் தேதியைத்தான் இப்ப சர்வதேச இடம்பெயர்ந்தோர் தினம்னு கொண்டாடுறாங்க. அது ரெண்டு அடுக்கா இருக்கும், ஒரு பகுதி பேப்பர் உள்ளவங்களுக்கு மட்டும், இன்னொரு பகுதி பேப்பர் இருந்தாலும் இல்லாட்டியும் எல்லாருக்கும். அந்த எல்லாருக்குமான பகுதில 25வது பிரிவு கூலி, வேலை நேரம், ஓய்வு, லீவு எல்லாத்துலயும் உள்ளூர் ஆளுக்குக் குறையாம நடத்தணும்னு சொல்லிட்டு, இருப்புல ஒழுங்கு இல்லைங்கிறதைக் காரணம் காட்டி முதலாளி தன் பொறுப்புல இருந்து கழண்டுக்க முடியாதுன்னு தனியா எழுதி வச்சிருக்கு. 21வது பிரிவு, பாஸ்போர்ட்டை அதிகாரம் உள்ள அரசு அதிகாரி தவிர வேற யாரும் பறிமுதல் பண்ணக்கூடாது. 28, உயிர் போற அவசரம்னா ஆஸ்பத்திரில பேப்பர் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது. மச்சான் கதைய யாரோ கூடவே இருந்து பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு எனக்கு.

ஆனா கையெழுத்து போட்டவங்க யாரு? அந்த உடன்படிக்கை 2003 ஜூலை 1லதான் அமலுக்கே வந்துச்சு, ஆளை அனுப்புற நாடுங்கதான் பெரும்பாலும் சேர்ந்திருக்கு, ஆளை வாங்குற பணக்கார நாடுங்க ஒதுங்கி நிக்குது. சவுதி இல்ல, எமிரேட்ஸ் இல்ல, குவைத் இல்ல, கத்தார் இல்ல. இந்தியாவும் இல்ல, இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. இந்தா தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கை 1996லயே சேர்ந்துருச்சு. நம்ம நாடு சேராம இருந்துகிட்டு, வேற நாட்டைப் பார்த்து எங்க ஆளுக்குச் சம்பளம் குடுன்னு எந்த முகத்தோட கேக்குறது?

கோர்ட்டுங்க என்ன சொல்லியிருக்குன்னும் பார்த்தேன். அமெரிக்கால 2002ல ஹாஃப்மன் பிளாஸ்டிக் கேஸ்னு ஒண்ணு. யூனியன் சேர்க்க உதவி பண்ணினதுக்காக வேலைய விட்டுத் தூக்கின ஒரு ஆளு, பேப்பர் இல்லாதவரு, அவருக்கு வேலை இழந்த காலத்துக்கான சம்பளம் கிடையாதுன்னு அவங்க சுப்ரீம் கோர்ட்டு 5க்கு 4ன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஏற்கனவே செஞ்ச வேலைக்கான கூலி அந்தத் தீர்ப்புல அடிபடல, அதைக் கேட்டு வாங்குற உரிமைய அதுக்கப்புறமும் அங்க கீழ் கோர்ட்டுங்க காப்பாத்திட்டு வருது. ஆனா அந்த நேரத்துலதான் மெக்சிகோ, அது ஆளை அனுப்புற நாடு, அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துல போய்க் கேள்வி கேட்டுச்சு, 2003 செப்டம்பர்ல பதில் வந்துச்சு, ஒரு ஆளு வேலைல சேர்ந்துட்டா அவனுக்குத் தொழிலாளிங்கிற உரிமை வந்துருது, குடியேற்ற நிலைமையக் காரணம் காட்டி அதைப் பறிக்க முடியாதுன்னு. ஐரோப்பிய யூனியன்ல 2009ல ஒரு சட்டம், பேப்பர் இல்லாத ஆளை வேலைக்கு வச்சா நிலுவைச் சம்பளத்தை முதலாளி கட்டியே ஆகணும், எத்தனை நாள் வேலைன்னு ஆதாரம் இல்லைன்னா குறைஞ்சது மூணு மாசம்னு வச்சுக்கணும், இல்லைன்னு காட்ட வேண்டியது முதலாளி பொறுப்பு. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லார்கிட்டயும் மச்சான் மாதிரி நோட்டு இருக்காதே.

இதுல எல்லாம் ஓடுற நியாயம் ஒண்ணுதான். நீ இந்த நாட்டுல இருக்கலாமா கூடாதாங்கிறது அரசாங்கத்துக்கும் உனக்கும் உள்ள விஷயம், அதுக்கு அனுப்பி வைக்கிறதா இருந்தா அனுப்பட்டும். நீ தூக்கின மூட்டைக்குக் காசு குடுக்கணுமாங்கிறது தூக்கச் சொன்னவனுக்கும் உனக்கும் உள்ள விஷயம். மொதல் கணக்கைக் காட்டி ரெண்டாவது கணக்கை அழிக்கக்கூடாது. பக்கத்து டீக்கடை பாய்கிட்ட இதைச் சொன்னப்ப அவரு டீயை ஆத்திக்கிட்டே, "வேர்வை காயுறதுக்கு முன்னாடி கூலியக் குடுன்னு நபிகள் நாயகம் சொன்னதுல விசா உள்ளவனுக்கு மட்டும்னு இல்லையே தம்பி"ன்னாரு.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கலைன்னா, புகார் குடுக்கிற இடமும் பிடிச்சு உள்ள போடுற இடமும் ஒண்ணா இருக்கு. லேபர் ஆபீஸ்ல கேக்குற மொத கேள்வியே இக்காமா எங்கன்னா எவன் போவான்? அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவர் வேணும்னு ஐஎல்ஓ நிபுணர்களே சொல்றாங்க. தொழிலாளர் ஆய்வாளரோட மொத வேலை கூலியும் வேலை நிலைமையும் பார்க்குறது, வேற வேலை குடுத்தாலும் அது இதைக் கெடுக்கக்கூடாதுன்னு 1947லயே 81வது உடன்படிக்கைல எழுதியாச்சு, அதுல இந்தியா 1949லயே சேர்ந்துருச்சு.

இங்க நம்ம பக்கத்துச் சட்டத்தையும் சொல்லணும். 1983 குடிபெயர்வுச் சட்டம்தான் இன்னைக்கும். பதிவு இல்லாத எவனும் ஆள் அனுப்பக்கூடாது. பதிவு உள்ள ஏஜெண்டும் இப்ப 30,000 ரூபாயும் வரியும், அதுக்கு மேல ஒரு ரூபா வாங்கக்கூடாது. ஆனா எங்க ஊர்ல யாரு 30,000ல போறா? பதிவு இல்லாம ஆள் அனுப்பினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 2,000 ரூபா வரைக்கும், ஒரு ஆளுகிட்ட லட்ச ரூபா வாங்குறவனுக்கு 2,000. அப்புறம் பத்தாவது பாஸ் பண்ணாதவங்க வளைகுடா, மலேசியான்னு 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா குடிபெயர்வு அனுமதி வாங்கணும், அதுக்கு கான்ட்ராக்ட், இன்சூரன்ஸ் எல்லாம் காட்டணும், நல்ல ஏற்பாடுதான், ஆனா விசிட் விசால ஏத்தி விட்டா இது எதுவும் இல்ல. இறங்கி மூணு மாசத்துல ஆளு தானாவே பேப்பர் இல்லாதவன் ஆயிடுறான். ஓடிப்போய் பேப்பரைத் தொலைச்சவங்களை விட, கஃபீல் புதுப்பிக்காம, ஏஜெண்டு ஏமாத்தி, கம்பெனி மூடி பேப்பர் போனவங்களைத்தான் என் கடைல அதிகமாப் பார்க்குறேன்.

மச்சானுக்கு நாங்க வெளியுறவு அமைச்சகத்தோட மதத்ங்கிற போர்ட்டல்ல புகார் போட்டோம், மச்சானுக்காகக் கேக்கச் சொல்லி தூதரகத்துக்கு பவர் எழுதி அட்டெஸ்ட் பண்ணி அனுப்பினோம், திரும்பி வந்த பிறகும் அப்படிக் கேக்கலாம். ஆனா எங்ககிட்ட இருந்தது அந்த கான்ட்ராக்டரோட பேரும் ஒரு போன் நம்பரும் மட்டும், அதுவும் ஸ்விட்ச் ஆஃப். காசு வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. அதனால இப்ப யாரு பயணம் போறதா என் கடைக்கு வந்தாலும் விடாம சொல்றேன், வேலை செய்யிற சைட்டோட போட்டோ, போர்டுல கம்பெனி பேரு தெரியிற மாதிரி, கூட வேலை பார்க்குற ரெண்டு பேரோட நம்பர், சம்பளம் பத்தி வர்ற வாய்ஸ் மெசேஜ், எதையும் அழிக்காதீங்க, வீட்டுக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க. மாசச் சம்பளம்னா சவுதி சட்டப்படி மொத அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம் சர்வீஸ் காசா வரணும், அது இருக்கிறதே நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது.

பேப்பர் இல்லாத ஆளுக்கு எல்லா ஊர்லயும் ஒரு பேரு வச்சிருக்காங்க. சவுதில ஹுரூப், துபாய் பக்கம் கல்லிவல்லி. இலங்கைல ஒரு காலத்துல கள்ளத்தோணி. இந்த வார்த்தைக்கும் எங்க கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. இங்க இருந்து ராத்திரியோட ராத்திரியா தோணி ஏறிப் போன கூலி ஜனத்தைச் சொன்னது, அப்புறம் 1948ல அங்க குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத்துல மூணு தலைமுறையா தேயிலை பறிச்சவங்களையெல்லாம் நாடில்லாதவங்க ஆக்கினப்ப, முறையா கப்பல்ல போனவங்க பிள்ளைகளையும் சேர்த்து அதே பேரால கூப்பிட்டாங்க. அவங்க எந்த வழியா முறையாப் போனாங்கன்னு நினைக்கிறீங்க? இதே மண்டபம் கேம்ப் வழியாத்தான். வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துக்குப் போற ஜனத்தை நோய் இருக்கான்னு பார்க்க நிறுத்தி வச்ச இடம் அது. ரயில்வே ஸ்டேஷன் பேரே மண்டபம் கேம்ப்தான். இப்ப அதே இடத்துல அந்தப் பக்கம் இருந்து வந்தவங்க இருக்காங்க.

அதுல ஒருத்தர்தான் அந்த பெயிண்டர் அண்ணன். 1990ல சண்டை மறுபடி தொடங்கினப்ப மன்னார் பக்கத்துல இருந்து ஆறு வயசுல அம்மா இடுப்புல உக்காந்து வந்தவரு. இப்ப நாப்பது தாண்டியாச்சு, பிள்ளைக இங்க பிறந்து இங்க காலேஜ் படிக்குது, ஆனாலும் சட்டத்துல அவங்க யாரும் இந்தியர் இல்ல. 1951 அகதிகள் உடன்படிக்கைல இந்தியா சேரல, அதனால அகதிங்கிற பேரும் சட்டப்படி கிடையாது. குடியுரிமைச் சட்டத்தோட வார்த்தைல, பாஸ்போர்ட் இல்லாம வந்தவங்க சட்டவிரோதக் குடியேறிகள். 1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பிறந்தவங்களுக்குத்தான் பிறப்பாலயே குடியுரிமை, இதே மண்டபம் கேம்புல 1986ல பிறந்த ஒரு பொண்ணு அதை வச்சு கேஸ் போட்டு 2022ல பாஸ்போர்ட் குடுக்கணும்னு தீர்ப்பு வாங்கினாங்க. மத்தவங்களுக்கு 2021ல முகாமோட பேரு மறுவாழ்வு முகாம்னு மாறுச்சு, மாசப் பணமும் குடும்பத் தலைவருக்கு 1,500 ஆச்சு. அதை வச்சுக் குடும்பம் ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால ஆம்பளைக பெயிண்டிங், கொத்து வேலை, கடல் வேலைன்னு போறாங்க, அதிகாரிங்க ஆள் கணக்கு எடுக்க செக்கிங் வர்ற அன்னைக்கு ஆள் கேம்புல இருந்தாகணும்.

அண்ணன் ராமநாதபுரத்துல ஒரு புது வீட்டுல 26 நாள் வேலை பார்த்திருக்காரு. டைரில எழுதியிருக்கு, "ஹால், பட்டி 2 கோட்டு. உப்புத்தாள் போட்டது. மாடி பிரைமர்." நாளுக்கு 850, மொத்தம் 22,100, அட்வான்ஸ் 6,000 போக 16,100 நிக்குது. உள்ளூர் பெயிண்டருக்கு 1,050, அது வேற கதை. கேட்டா கான்ட்ராக்டர், "முகாம் ஆளுதானே, எங்க போய்ச் சொல்லப்போற, கியூ பிராஞ்சுல ஒரு வார்த்தை சொன்னா உனக்குத்தான் சிக்கல்"னு சொல்லியிருக்காரு. கியூ பிராஞ்சுன்னா முகாம் ஆளுங்களைக் கண்காணிக்கிற போலீஸ் பிரிவு.

அண்ணன் இதை என்கிட்டச் சொல்லிட்டு, "ஓம் தம்பி, அவர் சொல்றதும் சரிதானே, எங்களுக்கு என்ன சட்டம் இருக்கு"ன்னாரு. நான் டிராயரைத் திறந்து மச்சான் நோட்டை எடுத்து வெளிய வச்சேன். அப்படித்தான் ரெண்டும் பக்கத்துல வந்துச்சு.

இருக்குண்ணே, சட்டம் இருக்கு. நம்ம அரசியல் சாசனத்துல பேச்சுரிமை மாதிரி சிலது குடிமக்களுக்கு மட்டும், ஆனா 14வது பிரிவு சமத்துவமும் 21வது பிரிவு உயிரும் எந்த ஒரு நபருக்கும்னுதான் எழுதியிருக்கு. 23வது பிரிவு கட்டாய வேலை கூடாதுங்கிறது, அதுலயும் குடிமகன்னு ஒரு வார்த்தை இல்ல. 1982 ஆசிய விளையாட்டுக்கு டெல்லில ஸ்டேடியம் கட்டின கூலி ஆளுங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி கூட போய்ச் சேரலைன்னு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் போச்சு, அந்தக் கடிதத்தையே மனுவா எடுத்துக்கிட்டு அவர் தீர்ப்பு சொன்னாரு, குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ வேலை வாங்குறது கட்டாய வேலைதான், பசிதான் அங்க கட்டாயப்படுத்துதுன்னு. ஒரு கடிதம்! மனு டைப் பண்றவனுக்கு இதை விட என்ன தெம்பு வேணும். 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துலயும் சரி, அதுக்குப் பதிலா வந்து 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்துலயும் சரி, தொழிலாளின்னா இந்தியனா இருக்கணும்னு எங்கயும் இல்ல. கூலி நிலுவைக்கு மூணு வருஷம் வரைக்கும் கேக்கலாம்.

இதையெல்லாம் நான் சொல்லிட்டு இருக்கிறப்பதான் மச்சான் கடைக்கு வந்தாரு. அவரு இப்ப கட்டட மேஸ்திரி, கடலுக்குப் போறத விட்டுட்டாரு. வந்தவரு தன் நோட்டைப் பார்த்தாரு, டைரியப் பார்த்தாரு, அண்ணன் சொன்னதையும் கேட்டாரு, ஒண்ணும் பேசல. நான் கேக்கணும்னு ரொம்ப நாளா வச்சிருந்தத அப்பக் கேட்டுட்டேன், "மச்சான், உங்க சைட்டுல கேம்ப் ஆளுங்களுக்கு எவ்வளவு குடுக்குறீங்க?"

கொஞ்ச நேரம் கழிச்சு, "எல்லாரும் குடுக்குறதுதான் மாப்ள"ன்னாரு.

எல்லாரும் குடுக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நானும் யோக்கியன் இல்ல, போன வருஷம் எங்க வீட்டுக்கு வெள்ளை அடிச்சப்ப மொத்தமா கான்ட்ராக்ட் பேசி விட்டேன், கீழ வேலை பார்த்த நாலு பேருக்கு எவ்வளவு போச்சுன்னு நான் கேக்கவே இல்ல, டீ வாங்கிக் குடுத்ததோட சரி. நம்ம ஆளுக்கு சவுதில நடந்தா அநியாயம்னு கொதிக்கிறோம், நம்ம வாசல்ல நடக்கிறத ரேட்டுன்னு சொல்றோம். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அக்காகிட்ட மறுநாள் சொன்னேன். அவ தன் நகைய அடகுல இருந்து மீட்க முடியாம ஏலத்துல விட்டவ, அவளுக்கு நான் சட்டம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. சனிக்கிழமை கூலி போடுறப்ப அவளே போய் சைட்டுல நின்னாளாம், கேம்ப்ல இருந்து வந்த மூணு பேருக்கும் 1,050 எண்ணிக் குடுக்கிற வரைக்கும் நகரலையாம். மச்சானுக்குக் கோபம், ரெண்டு நாளா என்கூடப் பேசல.

இன்னைக்கு சாயங்காலம் வந்தாரு. அண்ணனோட மனுவ நான் டைப் பண்ணி வச்சிருந்தேன், 26 நாளும் தேதி வாரியா, டைரியோட ஜெராக்ஸ் இணைச்சு. உக்காந்து ரெண்டு தடவை படிச்சாரு. அந்தப் புது வீட்டுல மாடிப்படிக்கு மச்சான் ஆளுங்கதான் டைல்ஸ் ஒட்டினாங்களாம், அண்ணன் அங்க வேலை பார்த்ததை தினமும் பார்த்திருக்காராம், இது எனக்குத் தெரியவே தெரியாது. "சாட்சிக்கு என் பேரைப் போடு"ன்னாரு. போட்டேன். திங்கக்கிழமை காலைல மூணு பேரும் ராமநாதபுரம் லேபர் ஆபீசுக்குப் போறோம், செக்கிங் அன்னைக்கு இல்லைன்னு அண்ணன் விசாரிச்சுட்டாரு.